சேற்றுக்கும் ஆற்றுக்கும் ஃபோர் வீல் வண்டி: யாருக்குத் தேவை, எதுவரை உதவும்?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், மதுரை மாவட்டத்து விவசாயிகளுக்கு விளைவிப்பதைவிட விளைந்ததை வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடாகிவிடுகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பாசனப் பகுதியில் முதல் போக நெல் அறுவடை பல வருஷங்களில் இந்த மழையில்தான் வந்து மாட்டுகிறது. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் வண்டிப்பாதைகளில் இரண்டு நாள் மழை பெய்தாலே சக்கரம் சுற்றாது. மக்காச்சோள மூட்டையைத் தலைச்சுமையாகத் தார் ரோடு வரை கொண்டுவர ஆகும் கூலியைக் கணக்கிட்டால், அந்த மூட்டையில் விவசாயிக்கு மிஞ்ச வேண்டிய லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

ஆகவே, நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர், பழைய ஜீப், பெரிய டயர் போட்டு உயர்த்திக் கட்டிய பிக்-அப் வண்டி ஆகியவற்றின் மேல் விவசாயிகளுக்கு ஆசை உண்டாவது இயல்பே. கைப்பேசியில் வரும் படங்களில் இத்தகைய வண்டிகள் ஆற்றுக்குள் இறங்கி அக்கரையில் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "நமக்கும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பதில் இரண்டு பகுதி கொண்டது. சேற்றிலும் மணலிலும் நான்கு சக்கர இழுவை மெய்யாகவே உதவும். ஓடும் தண்ணீரில் அது உதவாது. இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்து வண்டியை ஆற்றில் இறக்குகிறவர்கள் பணத்தை மட்டுமல்ல, உயிரையும் இழக்கிறார்கள். காரணத்தை விளக்கமாகப் பார்க்கலாம்.

இழுவை எங்கிருந்து வருகிறது?

எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அது தரையை வந்து சேருவது டயர் வழியாகத்தான். டயர் தரையைப் பிடிக்கும் பலம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, அந்தச் சக்கரத்தின் மேல் உள்ள பாரம். மற்றொன்று, மண்ணின் உறுதி. சாதாரண டிராக்டரில் மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரங்களின் மேல் இருக்கிறது. இழுப்பது பின்சக்கரம் மட்டும் என்பதால், முன்பக்கத்து 40 சதவீத எடை இழுவைக்குப் பயன்படாமல் போவதோடு, சிறிய முன்சக்கரங்கள் சேற்றைத் தள்ளிக்கொண்டு போகும் சுமையும் சேர்கிறது. உதாரணமாக 2 டன் எடையுள்ள டிராக்டர் ஈரமண்ணில் நிற்கிறது. தன் மேல் உள்ள பாரத்தில் 40 சதவீத அளவுக்குச் சக்கரம் இழுக்க அந்த மண் இடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் மட்டும் இழுத்தால் சுமார் 480 கிலோ இழுவை கிடைக்கும். நான்கும் இழுத்தால் 800 கிலோ கிடைக்கும். வேலை செய்யும்போது பாரம் பின்னால் சாய்வதால் வித்தியாசம் சற்றுக் குறையும் என்றாலும், மழைக்காலத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். முன்சக்கரம் அமுக்கிக் கெட்டியாக்கிய தடத்திலேயே பின்சக்கரம் வருவது இன்னொரு அனுகூலம்.

பிக்-அப் வண்டிகளிலும் 'குட்டி யானை' போன்ற சிறிய சரக்கு வண்டிகளிலும் நிலைமை வேறு. இவை காலியாக இருக்கும்போது பின்பக்கம் மிக இலேசு. காலி வண்டி வயலுக்குள் போகும்போதே மாட்டிக்கொள்வதும், பத்து மூட்டை ஏற்றியபின் எளிதாக வெளியே வருவதும் இதனால்தான். ஆனால் இந்தச் சாதகம் ஓரளவுக்குத்தான். மூட்டை அதிகமானால் டயர் புதைய ஆரம்பித்துவிடும்.

ஃபோர் வீல் வண்டி என்றால் எப்போதும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று எண்ண வேண்டாம். இரு பக்கத்துச் சக்கரங்களும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதற்காக அச்சில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஒரு சக்கரம் வழுக்கினால் இந்த டிஃபரன்ஷியல் சுழற்சி முழுவதையும் அந்தச் சக்கரத்துக்கே கொடுத்துவிடும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினால் ஃபோர் வீல் வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும். இதைத் தடுக்க டிராக்டரில் டிஃபரன்ஷியல் லாக் பெடல் இருக்கிறது. நம் பக்கத்தில் பல டிராக்டர்களில் இந்தப் பெடல் துருப்பிடித்து அசையாமல் கிடக்கிறது. ஃபோர் வீல் டிராக்டருக்குக் கடன் வாங்குமுன், இருக்கிற டிராக்டரில் இந்தப் பெடல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நேராகப் போகும்போது மட்டுமே அதை மிதிக்க வேண்டும். திரும்பும்போது விட்டுவிட வேண்டும்.

உங்கள் டிராக்டருக்கு நான்கு சக்கர இழுவை தேவையா என்பதை வயலிலேயே சோதித்து அறியலாம். பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் வண்டியை ஓட்டி, சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்துக்கு இரு முனையிலும் குச்சி நடுங்கள். பின்னர் அதே தூரத்தைக் கலப்பையை இறக்கி உழுதுகொண்டு கடந்து, சுற்றுகளை எண்ணுங்கள். 11 அல்லது 11½ சுற்று வந்தால் சரி. 12½ சுற்றுக்கு மேல் போனால் சக்கரம் 20 சதவீதத்துக்கும் அதிகமாக வழுக்குகிறது என்று அர்த்தம். ஐந்தில் ஒரு பங்கு டீசல் மண்ணைக் கிளறுவதிலேயே போகிறது. அப்படியானால் முதலில் பின்சக்கரத்தில் இரும்புப் பாரம் கட்டியோ, டயருக்குள் தண்ணீர் நிரப்பியோ பார்க்க வேண்டும். 13.6-28 அளவுள்ள டயர் ஒன்றில் ஏறக்குறைய 150 முதல் 200 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும். செலவு சொற்பம். தேய்ந்துபோன டயரை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

மண்ணைப் பார்த்து வண்டி

மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் மழை நின்ற சில மணி நேரத்தில் மேல்மண் இறுகிவிடும். அங்கே நல்ல டயருள்ள சாதாரண வண்டியே பெரும்பாலும் போதும். கரிசல் அப்படியல்ல. அதிலுள்ள களிமண் நீரை உறிஞ்சி உப்பி, டயரின் பற்களுக்கிடையே அப்பிக்கொள்ளும். பல் மறைந்த டயர் வழவழப்பான உருளையாகிவிடும். நான்கு சக்கரம் இழுத்தாலும் நான்கும் சேர்ந்து வழுக்கும். கரிசலில் ஃபோர் வீல் ஜீப்புக்குச் சாலை டயர் போட்டு ஓட்டுவது வீண். பல் இடைவெளி அகன்ற, தானாகச் சேற்றை உதறும் டயர் வேண்டும். மழை விட்டபின் ஒரு நாள் பொறுப்பதே கரிசலுக்கு மலிவான வைத்தியம் என்பது பழைய சம்சாரிகளுக்குத் தெரிந்ததுதான்.

சோழவந்தான், வாடிப்பட்டி நெல் வயல்களில் தொளி கலக்கிக் கலக்கி, மேலே குழம்பும் அதன் அடியில் ஒரு கெட்டி அடுக்கும் உண்டாகியிருக்கும். சக்கரம் அந்த அடுக்கு வரை இறங்கி, அதன் மேல் நின்று ஓடும். கனமான வண்டி அந்த அடுக்கை உடைத்துவிட்டால், அப்புறம் வயலில் தண்ணீர் நிற்காது. ஆகவே தொளி வயலில் எடை கூடிய ஃபோர் வீல் டிராக்டரைவிட எடை குறைந்த சிறிய டிராக்டரோ, இரும்புச் சக்கரம் மாட்டிய பவர் டில்லரோ மேல். ஈரம் காயாத வயலில் அறுவடைக்கு டயர் மெஷினை விட்டு பெல்ட் மெஷினைத் தேடுவதும் இதே காரணத்தால்தான். பெல்ட்டின் அகலத்தில் பாரம் பரவிவிடுகிறது. இரும்புச் சக்கரத்தை மாட்டியபடியே தார் ரோட்டில் ஓட்டக்கூடாது. ரோடு பாழாவதோடு அபராதமும் உண்டு.

மணலில் முக்கியமானது காற்று அழுத்தம். டயர் தரையை அமுக்கும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். சரக்கு வண்டி டயரில் 40, 50 பவுண்டு காற்று இருக்கும். டிராக்டர் பின்டயரில் 12 முதல் 16 பவுண்டுதான். டிராக்டர் மணலில் போவதும் சரக்கு வண்டி புதைவதும் இதனாலேயே. ஜீப் டயரில் மணல் தாண்டும் வரைக்கும் காற்றை 15, 18 பவுண்டுக்கு இறக்கினால் டயர் பரந்து மிதந்துபோகும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடித்துவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயருடன் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றும் வரும்.

எந்த வண்டி எதற்கு?

இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்துக்காகச் செய்யப்பட்ட ஜீப், போருக்குப்பின் 1940-களின் இறுதியில் மகிந்திரா கம்பெனியால் நம் நாட்டில் பூட்டி விற்கப்பட்டது. பழைய ஜீப்பின் தரம் அதன் நான்கு சக்கர இழுவையில் மட்டுமல்ல, தணிந்த கியரில் இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சுற்ற, சக்கரம் நடைவேகத்தில் உருளும். போடி, கம்பம் பகுதியிலிருந்து கேரள மலைகளின் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு இந்தக் குணம்தான் உயிர். அங்கே வழியில் கிடப்பது கல்லும் செங்குத்தான ஏற்றமும். நம் சமவெளியிலோ பிரச்சினை சேறும் சுமையும். ஜீப்பில் ஏழெட்டு மூட்டைக்குமேல் ஏற்ற முடியாது. அறுவடை நாளில் அதற்கு இடமில்லை. மாருதி ஜிப்ஸி 1985-ல் வந்தது; ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இலேசான வண்டி. சேற்றில் அதன் இலேசு ஒரு வரம். தண்ணீரில் அதுவே ஆபத்து. காரணம் பின்னால் வரும்.

பட்டாளத்தில் கழித்து ஏலத்தில் விட்ட பெரிய ஃபோர் வீல் லாரிகளைச் சிலர் விரும்புகிறார்கள். ஜபல்பூரில் செய்யப்பட்ட சக்திமான், நம் சென்னை அசோக் லேலண்ட் கம்பெனியின் ஸ்டாலியன் போன்றவை காட்டிலும் மேட்டிலும் உழைக்கும் வண்டிகளே. ஆனால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும், டீசல் குடிக்கும், வரப்பும் வாய்க்கால் மதகும் அந்த எடையைத் தாங்காது. சிறு விவசாயி இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நான்கு சக்கர இழுவையுள்ள பிக்-அப் வண்டிகள், தோட்டப் பாதையில் தினமும் காய்கறியோ பாலோ கொண்டுவருகிறவர்களுக்கு ஓரளவு பொருந்தும். மழையில் மாட்டும் நாள் மிகுதியாக இருந்தால் மட்டும் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

விவசாயிக்கு நெருங்கி வருவது ஃபோர் வீல் டிராக்டர்தான். 20 முதல் 30 குதிரைத்திறனுக்குள் சிறிய ஃபோர் வீல் டிராக்டர்கள் இப்போது பல கம்பெனிகளிலிருந்து கிடைக்கின்றன. இவற்றில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றும்படி கியர் அமைத்திருப்பார்கள். முன்பின் டயர் அளவுகள் அதற்குப் பொருத்தமாகவே வைக்கப்பட்டிருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று வேறு அளவு டயரைப் போட்டால் கியர்கள் ஒன்றை ஒன்று இழுத்துத் தேயும். இரண்டாவது, தார் ரோட்டில் ஃபோர் வீல் கியரை விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முன்டயர் ஒரே வருஷத்தில் வழுக்கையாகிவிடும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. டிராக்டரில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். சுமையோடு ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கும்போது ஃபோர் வீல் கியர் போட்டிருந்தால் முன்சக்கரமும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். மூன்றாவது, மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அதில் உண்மையான இழுவை பலம், டீசல் செலவு எல்லாம் இருக்கும். வாங்கப்போகும் டிராக்டரின் அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டு மாடும் டயர் வண்டியும் வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட அவசரப்பட வேண்டியதில்லை. வயலிலிருந்து ரோடு வரை அரைக் கிலோமீட்டர் சேற்றுப்பாதைக்கு இன்றைக்கும் அதற்கு இணை குறைவு.

மாட்டிக்கொண்டால்

சேற்றில் புதைந்த டிராக்டரை வெளியே எடுக்கப் பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி கியர் போடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இதைப்போல் ஆபத்தான காரியம் வேறில்லை. சக்கரம் சுற்ற முடியாமல் தடைப்பட்டால், எஞ்சினின் பலம் டிராக்டரின் உடலையே பின்னச்சைச் சுற்றித் தூக்கிவிடும். முன்பக்கம் எழும்பி, ஓட்டுநரின் மேல் மல்லாந்து விழ இரண்டு விநாடிகூட ஆகாது. குதிக்க நேரம் இருக்காது. மேட்டில் ஏறும்போதும், சங்கிலியை உயரமான இடத்தில் கட்டி இழுக்கும்போதும் இதே கதைதான். இழுவைக் கயிறு எப்போதும் பின்னால் தாழ்ந்திருக்கும் இழுவைக் கம்பியில் மட்டுமே கட்டப்பட வேண்டும். புதைந்த வண்டிக்குப் பின்னால் சக்கரத்தடத்தில் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, பலகையோ சுள்ளிக்கட்டோ போட்டு, பின்னோக்கி எடுப்பது மெதுவான வழி. ஆனாலும் அதுவே பத்திரமானது. மற்றொரு டிராக்டரால் இழுக்கும்போது கயிறு அறுந்து அடிக்கும் தூரத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

ஆறு வேறு, சேறு வேறு

சேற்றில் வண்டிக்கு எதிரி வழுக்கல். ஓடும் தண்ணீரில் எதிரிகள் இரண்டு: ஒன்று வண்டியைத் தூக்குகிறது, மற்றொன்று தள்ளுகிறது. தூக்குவதை முதலில் கணக்கிடுவோம். 3.5 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வண்டியின் அடிப்பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். அடித்தகட்டுக்கு மேல் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால், கதவுகள் வழியாக உள்ளே நீர் புகும்வரை, அது வண்டியை 500 கிலோ அளவுக்குத் தூக்கும். 20 சென்டிமீட்டர் ஏறினால் ஒரு டன். ஒரு டன் வண்டியின் சக்கரத்தில் அப்புறம் பாரமே இருக்காது. பாரமில்லாத சக்கரம் நான்காக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன?

தள்ளுவது இதைவிடக் கொடியது. தண்ணீரின் வேகம் இரட்டித்தால் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. விநாடிக்கு ஒரு மீட்டர், அதாவது நாம் நிதானமாக நடக்கும் வேகத்தில் ஓடும் நீர், வண்டியின் பக்கவாட்டில் நீருக்குள் இருக்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 50 கிலோ பலத்தோடு தள்ளும். விநாடிக்கு இரண்டு மீட்டர் என்றால் 200 கிலோ. மூன்று மீட்டர் என்றால் 450 கிலோ.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து நீர் ஆராய்ச்சிக் கூடத்தில் மெய்யான வண்டிகளைத் தண்ணீரில் நிறுத்திச் சோதித்து, முடிவுகளை 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட சிறிய காரை, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 15 சென்டிமீட்டர் ஆழமே ஓடிய தண்ணீர் நகர்த்திவிட்டது. 60 சென்டிமீட்டரில் அந்தக் கார் முழுவதும் மிதந்தது. இரண்டரை டன் எடையுள்ள பெரிய ஃபோர் வீல் வண்டிக்கே, அதே போன்ற வேகத்தில் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் நிலைதடுமாற்றம் வந்துவிட்டது. 95 சென்டிமீட்டரில் அதுவும் மிதந்தது. முழங்காலளவு என்று நாம் சொல்கிற தண்ணீர்தான் 45 சென்டிமீட்டர்.

வண்டிக் கம்பெனிகள் தரும் ஆழக்கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2020-ல் வந்த புதிய மகிந்திரா தார் 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும், ஃபோர்ஸ் கூர்க்கா 700 மில்லிமீட்டர் போகும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. பொய்யல்ல. ஆனால் அது தேங்கி நிற்கும் தண்ணீருக்கு, கெட்டியான தரைக்கு, மெதுவான வேகத்துக்குப் பொருந்தும் கணக்கு. எஞ்சினுக்குள் நீர் புகாது என்பதே அதன் பொருள். ஆறு அடித்துக்கொண்டு போகாது என்பதல்ல.

டிராக்டர் திறந்த உடம்பும் கனமும் உள்ள வண்டியாகையால் கார்போலச் சீக்கிரம் மிதக்காது. மழைவெள்ளத்தில் ஆட்களை மீட்க டிராக்டர் உபயோகப்படுவது இதனால்தான். என்றாலும் காற்றடைத்த இரண்டு பெரிய பின்டயர்களும் முழுவதும் நீரில் மூழ்கினால், அவை மட்டுமே அரை டன் அளவுக்குத் தூக்கும். அதைவிட மோசம், பின்னால் கட்டிய காலி ட்ரெய்லர். அதன் அகன்ற பக்கப்பலகையில் நீர் மோதி அதை ஓரத்துக்குத் தள்ள, அது டிராக்டரையும் திருப்பி இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழும். ட்ரெய்லரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தரைப்பாலத்தில் ஓடும் நீரைக் கடப்பது கொலைக்குச் சமம் என்றே சொல்வேன்.

வைகையின் குணத்தையும் நினைவில் வைக்க வேண்டும். வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு இது. அணையின் முழு மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியில் முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் கரையோர மக்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. மூன்றாவது எச்சரிக்கைக்குப் பின் வண்டியையோ ஆடுமாட்டையோ ஆற்றுக்குள் இறக்கக்கூடாது. ஆனால் அணையின் எச்சரிக்கை வரவில்லை என்பதால் ஆறு பத்திரம் என்று ஆகாது. அணைக்குக் கீழேதான் மஞ்சளாறும் மருதாநதியும் வைகையில் சேர்கின்றன. மலையில் பெய்த மழை, நம் தலைக்கு மேல் ஒரு துளி இல்லாதபோதே வந்து சேரும். சிறுமலைப் பக்கத்திலிருந்து வரும் ஓடைகளும் சாத்தையாறும் அப்படியே. மதுரை நகருக்குள் யானைக்கல் பக்கத்துத் தரைப்பாலம் வெள்ளம் வரும்போது மூழ்கிவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆற்றுப்படுகையில் மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. கோடையில் நீங்கள் வண்டி ஓட்டிய அதே தடத்தில், ஒரு வெள்ளம் வந்து போனபின் ஆளுயரப் பள்ளம் இருக்கலாம். ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் ஆழமே புரியாது. தரைப்பாலத்தின் ஓரக்கற்கள் தெரியாத அளவுக்கு நீர் ஓடினால் எந்த வண்டியானாலும் நிற்க வேண்டியதுதான். ஓட்டத்தின் வேகத்தை அறிய, கரையில் பத்து மீட்டர் அளந்து, ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் எறிந்து பாருங்கள். பத்து விநாடிக்குள் அது அந்தத் தூரத்தைக் கடந்தால், மேலே சொன்ன சோதனையின் வேகம் அங்கே வந்துவிட்டது. முழங்கால் ஆழமும் அந்த வேகமும் சேர்ந்த இடத்தில் இரண்டரை டன் வண்டியே நிற்கவில்லை. உங்கள் வண்டியின் எடையை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றிக் கட்டுவது

உயரமான டயர், தூக்கிய ஸ்பிரிங், கூரை வரை போகும் காற்றுக்குழாய் ஆகிய மூன்றும்தான் மாற்றிக் கட்டிய வண்டிகளில் வழக்கமாகக் காணப்படுபவை. காற்றுக்குழாய் எஞ்சினுக்கு மேலிருந்து மூச்சுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வண்டிக்கு அது ஒரு கிலோ எடையைக்கூடக் கூட்டிக் கொடுக்காது. மாறாக, ஆழத்துக்குப் போகலாம் என்ற தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. பெரிய டயர் தரையிலிருந்து உயரத்தைக் கூட்டும் என்பது சரி. ஆனால் கியர் விகிதம் மாறி இழுவை குறையும், பிரேக் தூரம் நீளும், ஆக்சில் முறியும்.

தூக்கிக் கட்டுவதன் கெடுதி வரப்பிலும் கரைச் சரிவிலும் தெரியும். சக்கரங்களின் இடைவெளி 1.4 மீட்டர், எடைமையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள வண்டி, நின்ற நிலையில் சுமார் 43 டிகிரி சாய்ந்தால்தான் கவிழும். 15 சென்டிமீட்டர் தூக்கிக் கட்டினால் 38 டிகிரியிலேயே கவிழும். அதன் மேல் வைக்கோலை உயர ஏற்றி எடைமையம் 1.3 மீட்டருக்குப் போனால் 28 டிகிரி போதும். ஓடும்போது ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் இன்னும் குறைவு.

சட்டமும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. தயாரிப்பாளர் குறித்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதிலும் சிக்கல் வரும். தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால், தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழிய, சாதாரண பாலிசி பெரும்பாலும் அதை ஏற்பதில்லை.

கணக்குப் பார்க்கலாமா?

ஒரே குதிரைத்திறனுள்ள சாதாரண டிராக்டருக்கும் ஃபோர் வீல் டிராக்டருக்கும் விலை வித்தியாசம் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்தில் அந்தப் பணத்தை எடுக்க வேண்டுமானால் வருஷத்துக்கு 20 ஆயிரம். வட்டியாக முதல் வருஷத்தில் ஒரு 10 ஆயிரம். ஆக 30 ஆயிரம். சாதாரண டிராக்டரால் முடியாமல் ஃபோர் வீலால் மட்டுமே முடிகிற நாள் வருஷத்துக்கு எத்தனை? ஐந்து நாள் என்றால், அந்த ஒவ்வொரு நாளும் உங்களுக்கு 6 ஆயிரம் ரூபாய்க்கு விழுகிறது. அந்த நாளுக்கு வாடகைக்கு எடுப்பது மலிவு. முப்பது நாள் என்றால், நாளுக்கு ஆயிரம் ரூபாய்; வாங்குவதில் நியாயம் உண்டு. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் தன் நிலத்துக்கு மட்டும் வாங்கினால் அந்த முப்பது நாள் வராது. நாலு பேர் சேர்ந்து வாங்கினாலோ, வாடகைக்கு ஓட்டினாலோதான் வரும். வாங்கியே தீரவேண்டிய நிலையில், சிறு, குறு விவசாயிகளுக்கு மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையிடம் டிராக்டரும் பிற இயந்திரங்களும் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைக்கும். உழவன் செயலி மூலமும் முன்பதிவு செய்யலாம். பத்துப் பேரின் வயலுக்கும் பொதுவான வண்டிப்பாதையில் கிராவல் அடித்து, குறுக்கே தண்ணீர் போகும் இடத்தில் இரண்டு குழாய் புதைப்பது, அந்தப் பத்துப் பேரும் ஃபோர் வீல் வாங்குவதைவிடச் சிக்கனம் என்பதையும் ஊரில் பேசிப் பாருங்கள்.

தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு

கண்மாய் உள்வாயிலும் வாய்க்காலிலும் தேங்கிய நீரைக் கடக்கத்தான் வேண்டியிருக்கும். இறங்குமுன் கம்பால் ஆழமும் தரையின் கெட்டியும் பாருங்கள். எஞ்சின் காற்று இழுக்கும் இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு சாண் கீழேதான் நீர் இருக்கலாம். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. ஒரு டம்ளர் நீர் சிலிண்டருக்குள் போனாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தணிந்த கியரில், ஒரே சீராக, நடுவில் கிளட்ச் மிதிக்காமல் போக வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. கயிறு கட்டி வெளியே இழுத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.

நீண்ட தூரம் ஓடிச் சூடான வண்டியை உடனே தண்ணீரில் இறக்காமல் கால்மணி நேரம் நிறுத்தி வையுங்கள். சூடான டிஃபரன்ஷியல் பெட்டி திடீரென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துவாரம் வழியாக வெளித்தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாக மிதித்து மிதித்து உலர்த்த வேண்டும். அன்று மாலையே முன்சக்கரத்துக் கிரீஸ் முனைகளில் புதுக் கிரீஸ் அடியுங்கள். கியர்ப்பெட்டி, டிஃபரன்ஷியல், ஃபோர் வீல் டிராக்டரானால் முன்னச்சுப் பெட்டி ஆகியவற்றின் எண்ணெயைக் குச்சி விட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதை முழுவதும் வடித்து, புது எண்ணெய் ஊற்றிய பிறகே வண்டியை மறுநாள் உழவுக்கு எடுக்க வேண்டும்.